நலம் விசாரிக்க வேண்டாம்

கியாலுபோ ஆரோக்கிய நிலையத்தில் கிவும்பியின் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. சிவப்பு மையில் அவன் கையாலேயே எழுதியது. ‘நலம் விசாரிக்க வேண்டாம். நோயைச் சொல்லவும்.’

வேறு ஊராக இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார்கள். மசாக்கா பக்கத்து ஜனங்களுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. இங்கே பாம்பு கடித்தவன்கூட ராத்திரி எப்படிப் போயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் பாம்பைப் பற்றிப் பேச்செடுப்பான். ராத்திரி எப்படி, வீட்டில் எல்லாரும் எப்படி, நீங்கள் உழைப்பதற்கு நன்றி, நீங்களும் உழைப்பதற்கு நன்றி, பிறகு இவர் ஒரு ‘ம்’, அவர் ஒரு ‘ம்’, மறுபடி இவர் ஒரு ‘ம்’. அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் வந்த விஷயம் வாயிலிருந்து வெளியே வரும். சொல்லக் கூசும் விஷயம் என்றால் இன்னும் நாலு ‘ம்’ கூடுதலாக ஆகும்.

கிவும்பிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தினம் நூற்றிருபது பேர், ஒரே ஆள். வெள்ளைக் கோட்டுப் போட்ட எவரையும் இங்கே ‘முசாவோ’, அதாவது வைத்தியர், என்றுதான் கூப்பிடுவார்கள். கிவும்பியை மட்டும் முதுகுக்குப் பின்னால் ‘பேனா’ என்றார்கள். பள்ளிக்கூட நோட்டை நடுவில் அறுத்துப் பாதியாக்கி எதிர்க்கடைக்காரன் விற்பான். நோயாளி அதை வாங்கிக்கொண்டு வந்து நீட்ட வேண்டும். கிவும்பி முகத்தைப் பார்க்க மாட்டான், நோட்டைப் பார்ப்பான். ‘காய்ச்ச…’ என்று ஆரம்பிப்பதற்குள் மலேரியா மாத்திரை எழுதியாகியிருக்கும். “அடுத்தது!” ஆள் எழுந்திருக்கும்போதே அடுத்த ஆளின் நோட்டு மேஜைமேல் விழும்.

அவன் பிறவியிலேயே அப்படியில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருஷம் ஒரு கிழவனின் கதையை அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டான். மூட்டுவலியில் தொடங்கி, செத்துப்போன காளைமாடு, பேசாமல் போன மகன் என்று அது நீண்டது. வெளியே வரிசையின் கடைசியில், தாயின் முதுகில் கட்டியிருந்த குழந்தைக்கு வலிப்பு வந்து, யாரும் கவனிப்பதற்குள் உயிர் போயிருந்தது. அந்தத் தாய் உள்ளே வந்து அழவில்லை. “ஐயா, அவ்வளவு நேரம் என்னதான் பேசிக்கிட்டிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் கதவில் ஆணி அடித்து அட்டையை மாட்டினான். பதினாலு வருஷமாக அது அங்கேயே தொங்கியது.

அவன் மாமியாரின் சொந்தப் பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. இரட்டைப் பிள்ளை பெற்றவளை இங்கே ‘நாலோங்கோ’ என்று அழைப்பதுதான் மரியாதை, அதுவே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. சொந்தமாக வாழைத்தோட்டமும் காப்பிச் செடிகளும் வைத்திருந்தாள். வாய் மட்டும் அரிவாள். சந்தையில் அவளிடம் குலைக்கு விலை குறைத்துக் கேட்டவன் தன் பரம்பரையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவான்.

ஆனால் மருமகன் முன்னால் அந்த வாய் திறக்க வழியில்லை. மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, ஒரே அறையில் இருக்கக் கூடாது. ‘புக்கோ’ என்று பெயர். மீறினால் வயதான காலத்தில் கைகால் நடுங்கும் நோய் வரும் என்பார்கள். கிவும்பியின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டதுமே நாலோங்கோ கூடையோடு காப்பிச் செடிகளுக்குள் பாய்ந்துவிடுவாள். கிவும்பியும் தலையைத் திருப்பிக்கொண்டு போவான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஓடியும் அவளை அவன் சரியாகப் பார்த்ததில்லை. மாமியாரின் வாயிலிருந்து தப்பிக்கப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்த நாலோங்கோவுக்கு முதுகு வலித்தது. முதுகு மட்டும் என்றால் அவள் அதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டாள். மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்திருந்தது. கூடவே ஒரு நாற்றம். அதை யாரிடம் சொல்வது? பெற்ற மகளிடம் இந்த மாதிரி விஷயம் பேசுவது இங்கே வழக்கமில்லை. அதற்கு அத்தைமார்கள் இருப்பார்கள், அவளுடைய அத்தை செத்து இருபது வருஷமாகிறது. மகளிடம் சொன்னால் மகள் புருஷனிடம் சொல்வாள்; அந்தப் புருஷன்தான் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே முசாவோ. ஆகவே முதுகை மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மகள் பபிர்யே நோட்டைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள். நீல அட்டை போட்ட பாதி நோட்டு.

“ஏங்க, அம்மாவுக்கு முதுகு வலியாம்.”

“வயசாச்சுல்ல” என்று சொல்லியபடி கிவும்பி வலி மாத்திரை எழுதினான்.

இரண்டு மாதம் கழித்து அதே நோட்டு வந்தது. மறுபடி முதுகு. மாத்திரையை மாற்றி எழுதினான். அதற்கடுத்த முறை, முதுகோடு தூக்கமும் இல்லை என்றாள் பபிர்யே. தூக்கத்துக்கு ஒன்று சேர்த்து எழுதினான். நாலாவது முறை இடது கால் வீங்குகிறது என்றாள். உப்பைக் குறைக்கச் சொல்லி எழுதினான். வேறு என்ன செய்கிறது, எத்தனை நாளாக, எங்கே தொடங்கியது என்று ஒரு தடவைகூட அவன் வாய் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் வாழைக்காய்க் களியும் வேர்க்கடலைக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன.

“அம்மா உங்ககிட்ட ஏதோ பேசணுமாம்” என்றாள் பபிர்யே.

“என்கிட்டயா? புக்கோவை மறந்துட்டாங்களா?”

“நடுவுல சுவர் இருந்தா பேசலாம்ங்க. அந்தக் காலத்துல அப்படித்தானே பேசிக்கிட்டாங்க? செவ்வாக்கிழமை உங்க ஜன்னலுக்கு வெளியில வந்து உக்காருவாங்களாம்.”

செவ்வாய்க்கிழமை வந்தாள். ஏதோ கல்யாணத்துக்குப் போவதுபோல் தோள் கூர்ந்து நிற்கும் கொமேசி உடையை உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, ஆரோக்கிய நிலையத்தின் பின்பக்கம் போய், அவன் ஜன்னலுக்குக் கீழே புல்லில் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். மூன்று மைல் நடந்து வந்திருந்தாள். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்திருந்தாள்.

“ராத்திரி எப்படிப் போச்சு மாப்பிள்ளை?”

உள்ளே கிவும்பி ஒரு கிழவரின் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். “நல்லாப் போச்சு நாலோங்கோ.”

“வீட்டுல எல்லாரும்?”

“இருக்காங்க.”

“நீங்க உழைக்கிறதுக்கு நன்றி மாப்பிள்ளை.”

“நீங்களும்.”

“ம்.”

“ம்.”

“பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்களா?”

“போறாங்க.”

“மழை உங்க பக்கம் பெஞ்சுதா?”

கிவும்பி எட்டிக் கதவுப்பக்கம் பார்த்தான். வரிசை வாசலைத் தாண்டி மாமரம்வரை போயிருந்தது. கதவில் அட்டை தொங்கியது. ஊருக்கு ஒரு நியாயம், மாமியாருக்கு ஒரு நியாயமா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நினைத்தான். நியாயமானவன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

“பெஞ்சுது. நாலோங்கோ, எனக்கு ஆளுங்க நிக்கிறாங்க.”

“ம்” என்றாள் அவள். பிறகு இன்னொரு ‘ம்’. குரல் தணிந்தது. “மாப்பிள்ளை, அது வந்து… காப்பி இந்த வருஷம் உங்க தோட்டத்துல எப்படி…”

கிவும்பி எழுந்து ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினான். “எதுவானாலும் நோட்டுல எழுதி அனுப்புங்க நாலோங்கோ!” என்று பலகை வழியாகக் கத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “மாமியாருக்கும் அதே சட்டம்தான்டா!” என்றான் ஒருவன் பெருமையாக.

நாலோங்கோவுக்கு எழுதத் தெரியாது.

அவள் கொஞ்ச நேரம் புல்லிலேயே இருந்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, கொமேசியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, வந்த வழியே நடந்தாள். அதற்குப் பிறகு நீல நோட்டு வரவே இல்லை. மாத்திரை கேட்டுவிட்டது போலிருக்கிறது என்று கிவும்பி மனைவியிடம் சொன்னான்.

எட்டு மாதம் கழித்து நிலையத்துக்கு அகெல்லோ என்று புதிதாக ஒரு மருத்துவச்சி வந்தாள். வடக்குச் சீமைக்காரி, இந்தப் பக்கத்துப் பாஷை அரைகுறை. தப்பில்லாமல் முழுதாகப் பேச வந்தது நலம் விசாரிப்பு ஒன்றுதான். அதனால் கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி, அவ்வளவையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துப் பழகினாள். தடுப்பூசி போட நாலோங்கோவின் ஊருக்குப் போனபோது அவளையும் விடவில்லை. ராத்திரி எப்படி, வீட்டில் எப்படி, மழை எப்படி, வாழை எப்படி, கோழி எப்படி. நாலோங்கோ சிரித்தபடி அவள் உச்சரிப்பைத் திருத்தினாள். எல்லாம் முடிந்து, ‘ம்’ சொல்லி, இன்னொரு ‘ம்’ சொல்லி, பிறகும் அகெல்லோ எழுந்து போகவில்லை.

“மகளே, இன்னொண்ணு இருக்கு” என்றாள் நாலோங்கோ.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒன்றரை வருஷம் நோட்டுக்குள் வராதது அரைகுறைப் பாஷைக்காரியிடம் கால்மணி நேரத்தில் வந்துவிட்டது. அகெல்லோ அன்றே விளக்கு வைத்துப் பார்த்தாள். பார்த்தபிறகு கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், உடனே திரும்பவில்லை. கம்பாலாவில் பெரிய ஆஸ்பத்திரியில் கருப்பை வாயில் புற்று என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள், கதிர்வீச்சுக் கரண்டு வைக்கும் கட்டம்கூடத் தாண்டிவிட்டது என்றார்கள். முதல் உதிரம் கண்ட சமயத்தில் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அகெல்லோ நீல நோட்டைக் கொண்டுவந்து கிவும்பியின் மேஜையில் போட்டாள்.

“இது யாரு எழுத்து?”

அவன் புரட்டினான். முதுகு. முதுகு. முதுகு, தூக்கம். கால். நாலும் அவன் எழுத்து. மொத்தமே பதினோரு வரிதான்.

“சிஸ்டர், உங்க ஊர்ல இல்ல. இங்க புக்கோன்னு ஒண்ணு இருக்கு. நான் அவங்களைப் பார்க்கவே கூடாது.”

“கண்ணாலதானே பார்க்கக் கூடாது? காதுக்கு யார் தடை போட்டா?”

கிவும்பிக்குக் கோபம் வந்தது. நூற்றிருபது பேரைப் பற்றிச் சொன்னான், செத்துப்போன குழந்தையைப் பற்றிச் சொன்னான். அகெல்லோ குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். “முடிஞ்சுதா?” என்றாள். “இப்ப நான் கேட்ட மாதிரி அந்தம்மா சொன்னதைக் கேட்டிருந்தா இன்னைக்கு வாழைக்குலை வித்துக்கிட்டிருப்பாங்க.” நோட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

நாலோங்கோ வீட்டில் கிடந்தாள். வலிக்குப் பச்சை நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார்கள், பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. மூன்று மணி நேரத்திலேயே அவள் வாழைநாரை முறுக்குவதுபோலப் பாயை முறுக்க ஆரம்பிப்பாள் என்றாள் பபிர்யே. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனவள் புருஷனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் வந்து வாசலிலேயே நின்றாள்.

“அம்மா கூப்பிடுறாங்க. சுவருக்கு வெளியில உக்காரணுமாம்.”

கிவும்பி போனான். இந்தத் தடவை அவன் ஜன்னலுக்கு வெளியே, வாழை நிழலில், தரையில். சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தான். மன்னிப்பாள் என்றும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது, மனுஷனுக்கு ஆசைக்கு என்ன குறைச்சல்.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. “ராத்திரி எப்படிப் போச்சு மாப்பிள்ளை?”

முழுவதையும் கேட்டாள். ஒன்றையும் விடவில்லை. காப்பி இந்த வருஷம் எப்படி என்பதில் வந்து நின்றாள், அங்கேதான் அன்றைக்குப் பலகை சாத்தப்பட்டது. கிவும்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பிறகு, “இப்ப சொல்றேன்” என்றாள்.

சொன்னாள். முதல் உதிரத்தைக் கண்டது தோட்டத்தில் என்றாள். பயந்து, மண்ணைத் தள்ளி மூடினாளாம், யாரோ செய்த தப்பை மறைப்பதுபோல. துணிகளை ஊர் விழிப்பதற்கு முன் சதுப்புநிலத்தில் கொண்டுபோய்த் துவைத்தாளாம். நாற்றம் வந்த பிறகு கோயிலில் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள், பிறகு கோயிலுக்கே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு, எலி செத்திருக்கும் என்று தானே முந்திக்கொண்டு சொன்னாளாம். கிவும்பியின் கை தன்னையறியாமல் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.

“எழுதாதீங்க மாப்பிள்ளை” என்றாள், பார்த்தவள்போல. “இதுக்கு மருந்து இல்லை. கேளுங்க, போதும்.”

இரண்டு மணி நேரம் கேட்டான். நடுவில் அவனுக்கு அழுகை வந்தது. “என்னை மன்னிச்சுடுங்க நாலோங்கோ” என்றான்.

உள்ளே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். “மன்னிப்பா? வரிசையில நில்லுங்க மாப்பிள்ளை.”

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. பபிர்யே வெளியே வந்தாள். கையில் பச்சைப் பாட்டில், அளவு குறையாமல் இருந்தது.

“தூங்கிட்டாங்க. மருந்து வேளை தாண்டி ஒரு மணி நேரமாச்சு, கேக்கவே இல்லை.” புருஷன் முகத்தைப் பார்த்தாள். “இந்தக் காது உங்ககிட்ட எப்பவும் இருந்ததுதானே?”

கிவும்பி மறுநாளும் மத்தியானம் போனான், அதற்கு மறுநாளும். எட்டு நாள். அவன் உட்கார்ந்திருந்த வேளைகளில் பாயை முறுக்கும் சத்தம் கேட்கவில்லை. ஆரோக்கிய நிலையத்தில் அந்த வேளைகளில் வரிசை வெயிலில் நின்றது, அதையும் மறைக்கக் கூடாது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் நாலோங்கோ போய்விட்டாள்.

உடலைச் சுற்றிப் புதைக்க மருமகன் கொண்டுவர வேண்டிய மரப்பட்டைத் துணியைக் கிவும்பி உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்கிவந்தான். உடலைப் பார்க்க அவனுக்கு உரிமையில்லை. வாழைமரங்களுக்கு நடுவே ஆண்களோடு உட்கார்ந்திருந்தான். வாழைப்பழச் சாராயக் குடுவை சுற்றில் வந்தது. லுயிம்பாசி என்ற காப்பி வியாபாரி, எந்தச் சாவிலும் சிரிக்க ஒன்றைத் தேடிப் பிடிக்கிறவன், பக்கத்து ஆளின் காதில் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“பதினாலு வருஷமா எவனையாவது நலம் விசாரிச்சிருக்காராய்யா நம்ம பேனா? மாமியாரைத்தான் விசாரிச்சாரு. எட்டே நாள்! அவரு விசாரிச்சா சாவுக்கு நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம்.”

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் குனிந்து சிரித்தார்கள். ஊர் வாயில் விழுந்த பேச்சுக்குக் கால் முளைக்கக் கேட்கவா வேண்டும்? அடுத்த சந்தைக்குள் அது ஏழு ஊர் நடந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கிவும்பி அட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அதை மனதார, முழு மனதோடு செய்தான். நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம், நோயாளியின் அருகில் இழுத்துப் போட்டான். பேனாவை மூடிவைத்தான்.

முதலில் வந்தவன் அந்த லுயிம்பாசிதான். இருமல். நோட்டை நீட்டினான். கிவும்பி நோட்டை வாங்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தான்.

“ராத்திரி எப்படிப் போச்சு லுயிம்பாசி?”

லுயிம்பாசியின் நீட்டிய கை அப்படியே நின்றது. “ஐயா?”

“வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?”

“ஐயா, எனக்கு வெறும் இருமல்தான்யா!” குரல் உடைந்தது. “இருமல்தானே? என்ன தெரியுது உங்களுக்கு? சொல்லிடுங்கய்யா!”

“ஒண்ணுமில்லப்பா. சும்மா கேக்கிறேன். உக்காரு, நீ சொல்லு…”

லுயிம்பாசி நோட்டைக்கூட எடுக்கவில்லை. வாசலைத் தாண்டி ஓடும்போது, “விசாரிக்கிறாருடா!” என்று அவன் போட்ட கூச்சல் மாமரம்வரை கேட்டது. பெஞ்சில் பாதிப்பேர் எழுந்தார்கள். சிலர் அப்படியே வீட்டுக்கு நடந்தார்கள்.

அடுத்து கைக்குழந்தையோடு ஒரு பெண். உள்ளே வராமல் வாசற்படியிலேயே முழந்தாளிட்டாள். குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

“ஐயா, உங்க காலைப் பிடிச்சுக்கிறேன். என் புள்ளைய நலம் விசாரிச்சிடாதீங்க. எப்பவும் போல எழுதிக் குடுத்துடுங்க.”

“பயப்படாதேம்மா. நான் உன் பேச்சைக் கேக்கத்தான்…”

“வேணாம்யா! கேக்காதீங்கய்யா! எழுதுங்க!”

அவள் அழ ஆரம்பித்தாள். குழந்தையும் அழுதது. அகெல்லோ அன்றைக்கு வெளியூர்த் தடுப்பூசிக்குப் போயிருந்தாள். வரிசையிலிருந்து ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். கிவும்பியைப் பார்க்கவில்லை. குப்பைக்கூடையில் கைவிட்டு அட்டையை எடுத்து, கசங்கலைத் தன் வயிற்றில் வைத்துத் தேய்த்து நீவி, வெளியே போய் பழைய ஆணியிலேயே மாட்டினார். நேராக இருக்கிறதா என்று ஒருமுறை தள்ளி நின்று பார்த்தார். வரிசை மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது.

கிவும்பி நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக நோட்டை நீட்டினாள்.

“காய்ச்ச…” என்றாள். பேனா ஓடத் தொடங்கியிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சலோடு வேறு என்ன இருந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.